ஜவ்வு வளர்ந்தா வலி போயிருமா?

இந்த எபிசோட் முழங்காலைப் பற்றி. "நமக்கு இன்னும் வயசாகலையே"னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. உங்க வீட்ல யாராவது ஒருத்தர் தரையில உட்கார்ந்தா எழுந்திரிக்க கையை ஊன்றாங்கன்னா, இது உங்களுக்கான எபிசோட்தான்.

2025 நவம்பர் கடைசியில் 'சயின்ஸ்' இதழில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. வயதான எலிகளின் முழங்காலில் மெலிந்துபோயிருந்த குருத்தெலும்பு, ஒரு மருந்து கொடுத்த பிறகு மறுபடியும் தடித்தது. செய்தி இவ்வளவுதான். ஆனா வாட்ஸ்அப்ல வந்து சேரும்போது அது "இனி முட்டி ஆபரேஷனே தேவையில்லை"னு மாறியிருந்தது. எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். பெரியம்மா அந்த ஃபார்வர்டைக் கேட்டுட்டு போன்ல ஒரே கேள்விதான் கேட்டாங்க: "ஏந்தம்பி, எலிக்கு வளருதுன்னா நமக்கு வளராதா?"

நல்ல கேள்வி. அதுக்கு ஒரு வரியில பதில் கிடையாது. அதனாலதான் இந்த எபிசோட்.

பெரியம்மா வயசுல இருக்கிற புதுக்கோட்டைப் பெண்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போ மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சேர்த்து, பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலைக்கும் கல்குவாரிக்கும் போய்க்கொண்டிருந்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றுக்கொண்டார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதனால் இதுவே நல்லது என்று சொன்னவர்களும் உண்டாம்.

அன்னைக்கு 25, 30 வயசு. இன்னைக்கு அவங்களுக்கு அறுபதை ஒட்டி. மூட்டுத் தேய்மானம் கதவைத் தட்டுற வயசு அது. அந்த சைக்கிள் விஷயத்துக்கு அப்புறம் திரும்ப வர்றேன், அதுக்கு இந்த எபிசோட்ல ஒரு வேலை இருக்கு.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். நாம 'ஜவ்வு'னு சொல்றது ஒரு பொருளை இல்லை, மூன்றை. கபடி ஆடும்போது கால் திருகி "ஜவ்வு கிழிஞ்சிருச்சு"ன்னா, பெரும்பாலும் அது எலும்பையும் எலும்பையும் கட்டிவைத்திருக்கும் தசைநார். இல்லைன்னா, இரண்டு எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கும் மெத்தை, அதாவது மெனிஸ்கஸ். பெரியம்மாவுக்கு "ஜவ்வு தேஞ்சிருச்சு"ன்னு டாக்டர் சொன்னது மூன்றாவது: எலும்பின் முனைகளில் வழவழப்பாகப் பூசினாற்போல் இருக்கும் குருத்தெலும்பு. மூன்றுக்கும் பிரச்சினை வேறு, வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜவ்வு ஆபரேஷன் பண்ணி நல்லா ஓடுறான், அம்மாவுக்கும் அதையே பண்ணலாமேன்னு யோசிக்கிறவங்க இதை மனசுல வச்சுக்கங்க.

இந்தக் குருத்தெலும்பு ஒரு விசித்திரமான பொருள். முழங்காலில் அதன் தடிமன் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். முக்கால்வாசி தண்ணீர். அந்தத் தண்ணீரை கொலாஜன் இழைகளும் சர்க்கரை-புரதக் கூட்டுகளும் பஞ்சு மாதிரி பிடித்துவைத்திருக்கின்றன. அழுத்தினால் கொஞ்சம் தண்ணீர் வெளியே வரும், விட்டால் உள்ளே போகும். அப்படித்தான் அதுக்குச் சாப்பாடும் போகிறது, ஏனென்றால் அதில் ரத்தக்குழாயே கிடையாது. நரம்பும் கிடையாது. உயிருள்ள செல்கள் மொத்தக் கன அளவில் சில சதவீதம்தான். ஒவ்வொன்றும் தனித்தனி அறையில் அடைபட்டுக் கிடக்கும்.

கையில் கீறினால் ரத்தம் வருகிறது, அந்த ரத்தத்தோடு பழுது பார்க்கும் செல்கள் வருகின்றன, நாலு நாளில் பொருக்கு தட்டுகிறது. குருத்தெலும்பில் கீறல் விழுந்தால் ரத்தமும் வராது, செய்தி சொல்ல நரம்பும் இல்லை. 1743-லேயே லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற உடற்கூறு மருத்துவர் இது ஒருமுறை அழிந்தால் மீளாது என்று எழுதிவிட்டார். கிட்டத்தட்ட 280 வருஷமா அவரைத் தப்புன்னு நிரூபிக்கத்தான் எல்லாரும் முயற்சி பண்றாங்க.

முதல் யோசனை எளிமையானது. ரத்தம் வரலைன்னா வரவெச்சுடுவோம்! அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற அறுவை மருத்துவர் 1980-களில் பிரபலப்படுத்திய முறை இது. குருத்தெலும்பு போன இடத்தில், அடியில் இருக்கும் எலும்பில் சின்னச் சின்னத் துளை போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து, கட்டியாகி, அந்த இடத்தில் ஏதோ ஒன்று வளரும். அந்த 'ஏதோ ஒன்று'தான் சிக்கல். வளர்வது அசல் சரக்கு இல்லை, தழும்பு மாதிரியான நார்க்குருத்து. சில வருஷம் தாங்கும், அப்புறம் தளர்ந்துபோகும்.

இரண்டாவது யோசனை ஸ்வீடனின் கோத்தென்பர்க்கிலிருந்து வந்தது. மாட்ஸ் பிரிட்பெர்க், லார்ஸ் பீட்டர்சன் குழு 1994-ல் வெளியிட்டது. முழங்காலில் பளு விழாத ஓரத்திலிருந்து துளியூண்டு குருத்தெலும்பை எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் பெருக்கி, சேதமான பள்ளத்துக்குள் விட்டு மூடித் தைத்தார்கள். மொத்தம் 23 நோயாளிகள். தொடை எலும்பு முனையில் பழுது இருந்த 16 பேரில் 14 பேருக்கு நல்ல பலன். முழங்கால் சில்லில் பழுது இருந்த 7 பேரில் 2 பேருக்குத்தான். ஒரே முட்டி, ஒரே முறை, இடம் மாறினால் முடிவும் மாறுது!

இந்த முறை இன்றைக்குப் பல நாடுகளில் இருக்கிறது, இந்தியாவிலும் செய்கிறார்கள். அப்போ பெரியம்மாவுக்கு இதைப் பண்ணிரலாமா?

சைக்கிள் கடைக்குப் போவோம். டியூப்ல ஒரு பஞ்சர். தண்ணித் தொட்டியில முக்கி, குமிழி வர்ற இடத்தைப் பார்த்து, தேய்ச்சு, ஒட்டுப் போட்டுடலாம். ஆனா டயரே வழுக்கையாகி உள்ளே நூல் தெரியுதுன்னா? எந்த இடத்துல ஒட்டுவீங்க? அடிபட்ட 25 வயசு விளையாட்டு வீரருக்கு இருப்பது பஞ்சர்: சுற்றிலும் நல்ல குருத்தெலும்பு, நடுவில் ஒரு பள்ளம். அறுபது வயசுத் தேய்மானம் என்பது தேய்ந்த டயர். அதுவும் டயர் மட்டும் இல்லை, ரிம்மும் கோணியிருக்கும். அடி எலும்பு தடித்து, ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்து, மூட்டின் உள்சவ்வு வீங்கி, மொத்த மூட்டுமே நோய்ப்பட்டிருக்கும். 1994-ல் வந்த முறையும் அதன் அடுத்தடுத்த வடிவங்களும் பஞ்சருக்கானவை. விளம்பரங்களில் இந்த வித்தியாசத்தைத்தான் கவனமா மறைக்கிறாங்க.

நம்ம பக்கத்துலயும் இதுல வேலை நடக்குது. வேலூர் சி.எம்.சி.யில் ஒரு குழு குருத்தெலும்பு முன்னோடிச் செல்கள் என்ற வகையை ஆராய்ந்துவருகிறது. சாதாரணக் குருத்தெலும்புச் செல்லை ஆய்வகத் தட்டில் பெருக்கினால், பெருகப் பெருக அது தன் குணத்தை மறந்து நார்ச்செல் மாதிரி ஆகிவிடும். முன்னோடிச் செல்கள் அந்தக் குணத்தை அதிக நாள் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஆய்வு. மூலப்பொருள் எங்கிருந்து வருதுன்னு கேட்டா எனக்கே ஆச்சரியமா இருந்தது: முட்டி மாற்று அறுவையில் வெட்டி எடுக்கப்படும் துண்டுகள். தேய்ஞ்சுபோச்சுன்னு வெளியே எடுத்த முட்டிக்குள்ளேயும் இந்தச் செல்கள் உயிரோட இருக்கு. அதே சி.எம்.சி.யில் வ்ரிஷா மாதுரி தலைமையில், எலும்பு வளர்ச்சித் தட்டு அடிபட்ட குழந்தைகளுக்குச் செல்லை வளர்த்துப் பொருத்தும் வேலையும் நடந்திருக்கிறது. ரெண்டுமே பொறுமையான, மெதுவான வேலை. இதெல்லாம் ஃபார்வர்டா வராது.

சரி, இப்போ இந்த எபிசோடோட மையத்துக்கு வர்றேன். ரெண்டு மருந்துச் சோதனைகளை அடுத்தடுத்து வச்சுப் பார்க்கணும்.

முதலாவது, ஸ்ப்ரிஃபெர்மின். குருத்தெலும்புச் செல்களை வளரத் தூண்டும் ஒரு புரதம், மூட்டுக்குள் ஊசியாகப் போடுவது. 549 பேரிடம் சோதித்து, 2019-ல் 'ஜாமா' இதழில் முடிவு வந்தது. இரண்டு வருஷத்தில் அதிக டோஸ் எடுத்தவர்களின் குருத்தெலும்பு சராசரியாக 0.05 மில்லிமீட்டர் தடித்திருந்தது. வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு 0.02 குறைந்திருந்தது. 0.05 என்பது ஒரு ஜெராக்ஸ் பேப்பரில் பாதித் தடிமன். சின்னதுதான், ஆனால் மனித முழங்காலில் மருந்தால் குருத்தெலும்பு வளர்ந்தது என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது, ஹண்டர் காலத்திலிருந்து காத்திருந்த விஷயம்! அப்போ வலி? இரண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்து போட்டவங்களுக்கும் குறைஞ்சது, வெறும் ஊசி போட்டவங்களுக்கும் அதே அளவு குறைஞ்சது.

இரண்டாவது நம்ம நாட்டுக் கதை. பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனத்தின் ஸ்டெம்பியூசெல். ஆரோக்கியமான பலரின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பெருக்கிய இரண்டரைக் கோடி ஸ்டெம் செல்களை, ஒரே ஒரு ஊசியாக மூட்டுக்குள் போடுவது. மூன்றாம் கட்டச் சோதனையில் 146 பேர். நடுத்தரத் தேய்மானம் உள்ளவர்கள், முற்றிப்போனவர்கள் இல்லை. ஒரு வருஷத்தில் வலியும் இறுக்கமும் வெறும் ஊசிக் குழுவைவிட நன்றாகக் குறைந்தன. 2022-ல் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் கிடைத்தது. அப்போ குருத்தெலும்பு? வளரவில்லை. எம்.ஆர்.ஐ.யில் அதன் அளவு அப்படியேதான் இருந்தது. வெறும் ஊசிக் குழுவுக்கு அதன் தரம் மோசமாகிக்கொண்டே போனது, செல் ஊசி போட்டவர்களுக்கு அப்படி மோசமாகவில்லை என்பதுதான் தெரிந்தது.

கவனிச்சீங்களா? ஒண்ணுல ஜவ்வு வளர்ந்தது, வலி போகலை. இன்னொண்ணுல வலி குறைஞ்சது, ஜவ்வு வளரலை.

இதுல மர்மம் ஒண்ணுமில்லை. குருத்தெலும்பில் நரம்பு கிடையாதுன்னு சொன்னேன்ல. வலிப்பது அது இல்லை. அடி எலும்பு, வீங்கிய உள்சவ்வு, மூட்டைச் சுற்றிய உறை, இவைதான் வலிக்கின்றன. எக்ஸ்ரேயில் கோரமாகத் தெரியும் முட்டியோடு சந்தைக்கு நடந்து போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் பெரிசா ஒன்றும் தெரியாமல் ராத்திரி தூங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். செல் ஊசி வேலை செய்தது பெரும்பாலும் அழற்சியைத் தணிப்பதன் வழியாகத்தான் என்பது இப்போதைய புரிதல். அதாவது அது புது டயர் போடலை, சத்தத்தைக் குறைச்சிருக்கு. வலியில இருக்கிறவங்களுக்கு அது சாதாரண விஷயம் இல்லை. ஆனா 'ஜவ்வு வளரும்'னு சொல்லி அதை விற்றால் அது பொய்.

இப்போ எலிக்கு வருவோம். ஹெலன் பிளாவ், நிதி பூட்டானி தலைமையிலான அந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஏன் முக்கியம்? வயசாக வயசாக உடம்பில் 15-பிஜிடிஹெச் என்ற ஒரு நொதி கூடுகிறது. திசுக்கள் பழுதுபார்த்துக்கொள்ளத் தேவையான ஒரு பொருளை அது சிதைத்துவிடுகிறது. அந்த நொதியைத் தடுத்தபோது, ஏற்கனவே அங்கே இருந்த செல்களே தங்கள் போக்கை மாற்றிக்கொண்டு நல்ல குருத்தெலும்பை உண்டாக்கின. வெளியிலிருந்து ஸ்டெம் செல் எதுவும் விடவில்லை. முட்டி மாற்று அறுவையில் எடுத்த மனிதத் திசுவை ஆய்வகத்தில் ஒரு வாரம் இந்த மருந்தில் வைத்தபோதும் நல்ல அறிகுறிகள் தெரிந்தன. தசை பலவீனத்துக்காக இதே வகை மருந்து ஒன்று மனிதர்களிடம் முதல்கட்டப் பாதுகாப்புச் சோதனையை ஏற்கனவே தாண்டியிருக்கிறது.

எனக்கு இது நிஜமாவே உற்சாகமா இருக்கு. ஆனா எலி முட்டியோட குருத்தெலும்பு ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குகூட இருக்காது. எலி எடை இருபது முப்பது கிராம். அறுபது கிலோ ஆள், முப்பது வருஷம் நாற்று நட்டுக் குனிஞ்சு நிமிர்ந்த முட்டி, கோணிப்போன ரிம், அங்கே என்ன நடக்கும்னு தெரிய மனிதச் சோதனை முடியணும். நம்பிக்கை தந்த ஸ்ப்ரிஃபெர்மினே இன்னும் மருந்துக்கடைக்கு வரலை. அதனால பெரியம்மாகிட்ட நான் சொன்னது: "வளரலாம் பெரியம்மா, ஆனா அதுக்காக இப்பக் காத்துக்கிட்டு இருக்காதீங்க."

அடுத்த வாரமே அவங்களே ஒரு கிளினிக் நோட்டீஸோட வந்தாங்க. 'ஆபரேஷன் இல்லாமல் ஜவ்வு வளர்ச்சி சிகிச்சை'. ஒரு காலுக்கு ஒரு தொகை, ரெண்டு காலுக்குன்னா தள்ளுபடி. ஆடித் தள்ளுபடி மாதிரி. அந்தப் பணத்துக்கு ஒரு மாட்டை விற்கணும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவா இருக்கு: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சை தவிர, அனுமதி பெறாத ஸ்டெம் செல் சிகிச்சைகளைச் சோதனைக்கு வெளியே காசுக்குக் கொடுக்கக்கூடாது. அதனால யாராவது 'ஸ்டெம் செல்'னு சொன்னா, மருந்தோட பெயர் என்ன, அனுமதி இருக்கா, என் தேய்மானம் எந்தக் கட்டம், அந்தக் கட்டத்துல இருக்கிறவங்ககிட்ட சோதிச்சிருக்காங்களான்னு கேளுங்க. சோதனைன்னா பணம் வாங்கமாட்டாங்க. இன்னொண்ணு பி.ஆர்.பி., உங்க ரத்தத்தையே சுழற்றி எடுத்துப் போடுற ஊசி. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்து 2021-ல் வெளியான ஆய்வில், ஒரு வருஷம் கழித்து அதுக்கும் உப்புத்தண்ணீர் ஊசிக்கும் வலியிலும் வித்தியாசமில்லை, குருத்தெலும்பிலும் வித்தியாசமில்லை.

சரி, என்னதான் பண்றது?

இப்போ சைக்கிள். பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் செயற்கை மூட்டுக்குள் சென்சார் வைத்து அளந்திருக்கிறார்கள். நடக்கும்போது முட்டியில் விழும் பளு உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது சுமார் மூன்றரை மடங்கு. சைக்கிள் மிதிக்கும்போது? கிட்டத்தட்ட ஒரு மடங்குதான். பஞ்சு அழுந்தி விடுபடுது, தொடைத் தசை வேலை செய்யுது, ஆனா பளு குறைவு. வாழ்நாளில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு முட்டி வலியும் தேய்மானமும் குறைவாகக் காணப்படுவதாக 2024-ல் ஒரு அமெரிக்க ஆய்வும் வந்தது. அது கணக்கெடுப்பு வகை ஆய்வு, சைக்கிள்தான் காரணம்னு அதை வச்சு உறுதியா சொல்ல முடியாது. ஆனாலும் 1992-ல் கற்றுக்கொண்ட அந்த வித்தையை டூவீலர் வந்ததும் மூலையில் சாத்தின நம்ம அம்மாக்களுக்கு இதைச் சொல்லலாம். விழுந்துருவோம்னு பயம் இருந்தா ஸ்டாண்ட் போட்டு வீட்டு வாசல்லயே மிதிக்கலாம்.

நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குறது, தினமும். எடை அதிகம் உள்ளவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு சுமார் நாலு கிலோ பளு குறைகிறது. தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றுவது, இந்தியன் டாய்லெட்டில் ஒரு வெஸ்டர்ன் சீட் வைப்பது. சென்னையில இருந்து மாசாமாசம் பணம் அனுப்புற நீங்க அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இந்த சீட்டைப் போட்டுட்டு வாங்க.

இதெல்லாம் செய்தும் தூக்கமே கெடுகிற அளவு வலி, கால் வளைஞ்சுபோச்சு என்றால், முட்டி மாற்று அறுவை இருக்கிறது. அதைக் கடைசித் தோல்வி மாதிரி பேச வேண்டாம். வலியைக் குறைப்பதில் இன்றைக்கு நம்மிடம் இருக்கும் நம்பகமான வழிகளில் அது ஒன்று. அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள், முதல்வர் காப்பீட்டுத் திட்டத்திலும் வருகிறது. தனியார் கிளினிக் நோட்டீஸுக்கு மாட்டை விற்கிறதுக்கு முன்னாடி, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில எலும்பு மூட்டு ஓ.பி.யில ஒரு சீட்டுப் போட்டுப் பாருங்க.

அடுத்த தடவை 'ஜவ்வு வளர்ந்தது'னு ஒரு செய்தி வந்தா ரெண்டு விஷயம் தேடுங்க. மனுஷனா எலியா? வலியையும் அளந்தாங்களா? ரெண்டும் இருந்தா எனக்கு அனுப்புங்க, அதுக்கு ஒரு தனி எபிசோட் போட்டுடலாம். அடுத்த வாரம் கால்சியம் மாத்திரை பற்றிப் பேசுவோம்.